களி வண்டிக்கு நான் எழுதிய மனு

அரசாங்கத்தைத் திட்டுவது எனக்குப் பொழுதுபோக்கு. அரசாங்கத்துக்கு மனு எழுதுவது எனக்குப் பிழைப்பு. காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை மரத்தடியில் உட்கார்ந்து "தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதுவேன். ஒரு மணிக்கு மேல் சனாவுல்லா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, மனுஷன் எதற்கும் எவனையும் கேட்கக் கூடாது என்று பேசுவேன். எழுதின கையும் பேசின வாயும் ஒரே உடம்பில்தான் இருந்தன. ஒன்றுக்கொன்று அறிமுகம் கிடையாது, அவ்வளவுதான்.

பெயர் சுருளிவேல். சொந்த ஊர் எரியோடு. திண்டுக்கல்லில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். புளியமரத்து ரைட்டர் என்றால் கையைப் பிடித்து அழைத்து வருவார்கள். அந்தப் புளியமரம் ஓர் அலுவலகத்தின் மதிலுக்கு வெளியே இருந்தது. எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. அங்கே இருந்தவர்கள் இன்றைக்கும் பென்ஷன் வாங்க நடமாடுகிறார்கள், அவர்களில் இரண்டு பேருக்குப் பென்ஷன் மனு எழுதியவனும் நான்தான்.

எனக்குக் கொள்கை வந்த கதை சுருக்கமானது. எங்கள் அப்பா ஒன்றரை ஏக்கரில் புகையிலை போட்டிருந்தார். புகையிலையை நடலாம், தண்ணீர் பாய்ச்சலாம், ஒடித்துக் காயப்போடலாம். காய்ந்த இலையை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்த வேண்டுமென்றால் மட்டும் எக்சைஸ்காரர் சீட்டு வேண்டும். ஒரு நாள் மழை இருட்டிக்கொண்டு வரவே, அப்பா தன் ஒழுகல் கொட்டகையிலிருந்து தம்பியின் ஓட்டுக் கொட்டகைக்கு இலையைத் தூக்கினார். நடுவில் இருந்தது ஒரு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். "என் இலை, என் தம்பி கொட்டாய், நடுவுல இவரு யாருப்பா?" என்று அப்பா அபராதச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் கேட்டார். பத்தாவது பெயிலாகி வீட்டில் இருந்த நான் மேல்முறையீட்டு மனு ஒன்று எழுதினேன். அபராதம் பாதியானது. ஆக, ஒரே வாரத்தில் எனக்குக் கொள்கையும் கிடைத்தது, தொழிலும் கிடைத்தது. ஒன்று வளர்ந்தால் இன்னொன்று சாகும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மரத்தடிக்கு வந்த பிறகு நான் எழுதாத அனுமதி கிடையாது. சிமெண்டு பெர்மிட், சர்க்கரை பெர்மிட், ரேடியோ லைசென்ஸ், காதுகுத்துக்கு ஒலிபெருக்கி வைக்க, கூத்துக்குக் கொட்டகை போட, செத்துப்போன மாமனார் பெயரில் இருந்த ரேஷன் கார்டை மருமகன் பெயருக்கு மாற்ற. ஒவ்வொன்றையும் எழுதும்போது பல்லைக் கடித்துக்கொள்வேன். ஆனாலும் என் மனுவுக்கு ஒரு பெயர் இருந்தது. குமாஸ்தாக்களே தங்கள் சொந்தக் காரியத்துக்கு என்னிடம் வந்து எழுதிக்கொண்டு போவார்கள்.

1952-இல் அரிசி ரேஷனை எடுத்தார்கள். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. சனாவுல்லா கடையில் இருந்த அத்தனை பேருக்கும் டீ சொன்னேன். "இனிமே மனுஷன் தன் காசுக்குத் தன் அரிசிய வாங்கலாம்" என்று பெஞ்சு மேல் ஏறிப் பேசினேன். அடுத்த வாரம் மரத்தடியில் நானும் எறும்பும்தான் இருந்தோம். வந்துகொண்டிருந்த கூட்டத்தில் பாதிக்கு மேல் ரேஷன் கார்டு கூட்டம் என்பது அப்போதுதான் தெரிந்தது. என் மனைவி கண்ணம்மாள் உலை வைக்காமல் அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து, "சுதந்திரம் வந்துருச்சுன்னு சொன்னீகளே, அத எத்தனை விசில் வேக வைக்கணும்?" என்றெல்லாம் கேட்கவில்லை; அப்போது எங்கள் வீட்டில் விசில் வைத்த பாத்திரமே கிடையாது. வெறுமனே என்னைப் பார்த்தாள். அதற்கு விசிலே தேவலை.

1959-இல் இந்த பெர்மிட் லைசென்ஸ் ராஜ்யத்தை ஒழிப்போம் என்று ஒரு புதுக் கட்சி வந்தபோது, திண்டுக்கல்லில் முதல் பத்துப் பேரில் ஒருவனாகச் சேர்ந்தேன். கூட்டம் போட முடிவாயிற்று. பெர்மிட்டை எதிர்த்துப் பேச ஒலிபெருக்கி வேண்டும். ஒலிபெருக்கிக்குப் பெர்மிட் வேண்டும். அதை எழுதும் பொறுப்பு இயல்பாகவே எனக்கு வந்தது. ஊருக்கெல்லாம் பிழையில்லாமல் எழுதினவன், ஆவேசத்தில் கூட்டத் தேதிக்கு மறுநாள் தேதியைப் போட்டுவிட்டேன். அன்றைக்கு ஒலிபெருக்கி இல்லாமல் பதினொரு பேருக்கும் மேடைக்குக் கீழே கட்டியிருந்த ஓர் ஆட்டுக்கும் நான் சுதந்திரத்தை விளக்கினேன். மறுநாள், அனுமதி பெற்ற ஒலிபெருக்கி ஆளில்லாத மைதானத்தில் அம்சமாக நின்றது.

நான் பேசினதன் சாரம் இவ்வளவுதான். சட்டம் எதைத் தடுக்கிறதோ அதை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் மனுஷன் செய்யலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதிகாரி அப்படி இல்லை. அவர் ஒன்றைச் செய்ய வேண்டுமானால் எந்தச் சட்டம், எந்தச் செக்ஷன் என்று காட்டிவிட்டுத்தான் செய்ய வேண்டும். நம் ஊரில் இதைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டிருக்கிறோம். குடிமகன் செக்ஷன் காட்டுகிறான், அதிகாரி இஷ்டப்படி செய்கிறார். இதைச் சொல்லும்போது என் குரல் நன்றாக இருக்கும். சனாவுல்லா டீ ஆற்றிக்கொண்டே, "எல்லாம் சரி ரைட்டரே, நீங்க ஒரு மனுவ ஒண்ணுக்கு மூணு பிரதியா எழுதிக் குடுக்குறீகளே, அது எந்தச் செக்ஷன்?" என்பார். நான் டீ குடிப்பேன்.

என் பேச்சுக்கு ஓர் உயிருள்ள உதாரணம் இருந்தது. அது செபாஸ்தியம்மாளின் களி வண்டி.

அவள் புருஷன் ராயப்பராஜ், அப்துல் சுக்கூர் ராவுத்தரின் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டினவன். சுண்ணாம்பு அரித்து இரண்டு காலும் புண்ணாகி, நிற்க முடியாமல் வீட்டோடு ஆகிவிட்டான். 1958 வாக்கில் அவள் பழைய சைக்கிள் சக்கரம் இரண்டை வாங்கி, மேலே பலகை அடித்து, ஒரு வண்டி செய்துகொண்டாள். தினம் மத்தியானம் அதில் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்துத் தள்ளி வந்து ஷாப்பின் சுவரோரம் நிற்பாள். அந்த இடம் ராவுத்தருக்குச் சொந்தம். நின்றுகொள் என்று அவரே சொல்லியிருந்தார். ஷாப்புக்காரர்கள் அறுபது எழுபது பேர் சாப்பிடுவார்கள். இரண்டு மணிக்குச் சட்டி காலியாகும். மகள் ஜெயமேரி எட்டாவது படித்தாள். அந்த வீடு முழுக்க அந்த இரண்டு சக்கரத்தின் மேல்தான் நின்றது.

மூன்று வருஷமாக அந்த வண்டிக்கு லைசென்ஸ் கிடையாது. யாரும் கேட்கவில்லை, அவளும் யாரையும் கேட்கவில்லை. நான் தினம் அங்கேதான் சாப்பிட்டேன். கண்ணம்மாள் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை யாருக்குத் தானம் செய்தேன் என்பதை இங்கே எழுத முடியாது, அவள் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். கையில் களி உருண்டையை வைத்துக்கொண்டு ஷாப்புக்காரர்களுக்குப் பிரசங்கம் செய்வேன். "பாருங்கப்பா, சமைக்கிறவ சமைக்கிறா, பசிச்சவன் திங்கிறான், நடுவுல ஒரு பயலும் இல்ல. இதான் சுதந்திரம்." செபாஸ்தியம்மாள் குழம்பு ஊற்றிவிட்டு அடுத்த தட்டுக்குப் போவாள். அவள் கேட்டாளா இல்லையா என்பது எனக்குத் தெரியாது.

1961 ஐப்பசியில் மழை முன்னதாகப் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் அவள் மரத்தடிக்கு வந்து, களிச் சட்டியில் சாரல் விழுகிறது, நாலு மூங்கில் நட்டு ஒரு கீற்றுத் தட்டி கட்டிக்கொண்டால் யாரும் ஏதாவது சொல்வார்களா என்று கேட்டாள். கேட்டது அவ்வளவுதான். ராவுத்தர் இடத்தில் ஒரு தட்டி. "கட்டிக்க தாயி" என்று மூன்று சொல்லில்கூட இல்லை, இரண்டு சொல்லில் முடிந்திருக்கும்.

இருபது வருஷமாக யார் வந்து என்ன கேட்டாலும் வெள்ளைத்தாளை எடுத்துப் பழகின கை அது. அவள் பேசி முடிப்பதற்குள் "ஐயா அவர்கள் சமூகத்துக்கு" என்று எழுதி முடித்திருந்தது. ஒரு மனு என்றால் முதலில் மனுதாரரின் பூர்வோத்தரம் சொல்ல வேண்டும், பிறகு கோரிக்கைக்கு வர வேண்டும். எங்கள் தொழிலில் அதுதான் முறை. நானும் முறைப்படி எழுதினேன். அதிலே என் கொள்கையையும் கொஞ்சம் கலந்தேன். "மேற்படி மனுதாரர் கடந்த மூன்றாண்டு காலமாக எவ்விதமான உரிமமோ அனுமதியோ எவரிடமும் பெறாமலேயே, தன் சொந்த முயற்சியால் மேற்படி வண்டியில் உணவு விற்றுச் சுதந்திரமாக ஜீவித்து வருகிறார்" என்று போட்டேன். அந்த வரி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எழுதிவிட்டு இரண்டு தரம் வாசித்தேன். அவள் கைநாட்டு வைத்தாள். கூலி வாங்கவில்லை, உதாரணத்திடம் கூலி வாங்குவார்களா?

உள்ளே மனுவை வாங்கினது குமாஸ்தா முத்துச்சாமி. எனக்கு வெகுநாள் பழக்கம். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டிப் படித்தார்.

"ஏலே சுருளி, இது மனுவா, வாக்குமூலமா?"

எனக்கு அப்போதும் புரியவில்லை. அழகாக இருக்கிறது என்று சொல்கிறார் போலும் என்று நினைத்து, நன்றி சொல்லிவிட்டு வந்தேன். புத்திசாலிக்கு ஒரு சொல் போதும் என்பார்கள். எனக்கு ஒரு பக்கம் எழுதிக் காட்டியிருந்தாலும் பத்தாது.

எட்டாம் நாள் வண்டிப் பலகையில் ஒரு நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போனார்கள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பசை காயாமல் உரித்து எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். அனுமதியின்றி நடத்தப்படும் மேற்படி வண்டி தொடர்பான மனு பரிசீலனையில் இருப்பதாகவும், முடிவு தெரியும் வரை வியாபாரத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்றும், மீறினால் வண்டி பறிமுதல் ஆகும் என்றும் எழுதியிருந்தது. நான் வாசித்துக் காட்டினேன். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, இத்தனை நாள் இல்லாமல் இப்போது எப்படி அவர்களுக்குத் தெரிந்தது என்று கேட்டாள்.

"எவனோ ஆகாதவன் மொட்டைக் கடுதாசி போட்டிருப்பான் தாயி" என்றேன்.

மொட்டைக் கடிதாசி இல்லை. கீழே அவள் கைநாட்டும், மேலே என் கையெழுத்தின் அழகும் இருந்த கடிதாசி. இருந்தாலும் வாயில் அப்படித்தான் வந்தது. என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் இதற்குத்தான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த நோட்டீஸ் அச்சடித்த பாரம். "சட்டத்தின் ........ ஆவது பிரிவின்படி" என்று புள்ளிக்கோடு போட்டு ஓர் இடம் விட்டிருப்பார்கள், அதில் நம்பரை நிரப்ப வேண்டும். அந்த இடம் காலியாக இருந்தது. முதல் வாசிப்பிலேயே என் கண்ணில் பட்டுவிட்டது. பத்து வருஷமாக டீக்கடையில் நான் எதைப் பேசினேனோ அது காகிதமாகி என் கையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய், எந்தச் செக்ஷன் என்று கேட்டிருக்க வேண்டியதுதானே. கேட்கவில்லை. நோட்டீஸை நாலாக மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டு, பயப்படாதே, ஒரு மனு எழுதிப் பார்க்கலாம் என்றேன்.

எழுதினேன். ஒன்றல்ல, ஒன்பது. பைல் உள்ளே ஊர்ந்தது. கடைகளைப் பார்க்கிற பிரிவு, இதற்குச் சக்கரம் இருப்பதால் இது வண்டி என்று எழுதி வண்டிகளைப் பார்க்கிற பிரிவுக்கு அனுப்பியது. அந்தப் பிரிவு, இதை மாடும் இழுக்கவில்லை, குதிரையும் இழுக்கவில்லை, ஒரே இடத்தில் நின்று வியாபாரம் நடப்பதால் இது கடை என்று எழுதித் திருப்பியது. எதில் சேர்ப்பது என்று தெரியாததால் எந்த லைசென்ஸும் கொடுக்க முடியாது; லைசென்ஸ் இல்லாததால் நடத்த முடியாது. இதை முத்துச்சாமி எனக்கு விளக்கியபோது அவருக்கே கொட்டாவி வந்தது.

இதற்குள் செபாஸ்தியம்மாள் ராவுத்தர் ஷாப்பிலேயே கூலிக்குப் போனாள். சுண்ணாம்புக் குழியிலிருந்து வரும் தோலில் சுரண்டி எடுத்த முடியை நாள் பூராவும் அலசுகிற வேலை. இரண்டாவது வாரம் மனுவில் கைநாட்டு வைக்க வந்தவளின் பெருவிரல் தோல் உரிந்து சிவந்திருந்தது. மையை ஒற்றியதும் சுள்ளென்று எரிந்திருக்க வேண்டும், கையை இழுத்துக்கொண்டாள். புருஷனைப் பார்த்துக்கொள்ள ஜெயமேரியைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தியாயிற்று என்று சாதாரணமாகச் சொன்னாள். தாளில் விழுந்த ரேகை ரேகையாகவே இல்லை.

அன்று சாயங்காலம் முத்துச்சாமியிடம் போய், அந்த நோட்டீஸில் செக்ஷன் நம்பர் போடவில்லையே என்று மெதுவாக ஆரம்பித்தேன். அவர் கெட்டவர் இல்லை. நாலு பக்கமும் பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்தார்.

"அத நானும் பாத்தேன். ஆனா ஒண்ணு கேக்குறேன். நீ இருபது வருசமா அந்த மரத்தடியில உக்காந்திருக்கியே, யாரக் கேட்டு உக்காந்தே?"

நான் யாரையும் கேட்டு உட்காரவில்லை. ஊருக்கெல்லாம் அனுமதி எழுதினவன் தனக்கு ஒன்று எழுதிக்கொள்ளவே இல்லை. மரமும் மரத்தடியும் அரசாங்கத்துடையது. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது, இது சரியான நேரம் இல்லை, பொறுத்தார் பூமி ஆள்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பூமி எதற்கு, ஆறடி நிழல் போய்விடுமே என்ற பயம்தான். கொள்கைக்காக உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்தேன். மரத்தடியைக் கொடுக்கத்தான் மனம் வரவில்லை.

கார்த்திகை பிறந்தது. ஒரு திங்கட்கிழமை அவள் கூலிக்குப் போகாமல் மரத்தடிக்கு வந்தாள். பத்தாவது மனுவுக்குத் தாளை எடுத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, களி விக்கக் கூடாதுன்னு சட்டத்துல எங்கயாச்சும் எழுதியிருக்கா?"

"இல்ல தாயி."

"ராவுத்தரு எடத்துல வண்டி நிறுத்தக் கூடாதுன்னு?"

"இல்ல."

"சட்டம் தடுக்காட்டி யாரையும் கேக்க வேணாம்னு மூணு வருசமா என் வண்டியில கை நனைச்சுக்கிட்டே சொன்னீக. அது நெசந்தானா, இல்ல களி எறங்குறதுக்குச் சொன்னதா?"

கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். என் பேச்சை ஒரு வார்த்தை விடாமல் கேட்ட ஒரே ஆள் அவள்தான் என்று அப்போது தெரிந்தது. மொட்டைக் கடிதாசி எவனும் போடவில்லை, லைசென்ஸ் இல்லை என்று பெருமையாக எழுதிக் கொடுத்தவன் நானேதான் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தெரியும்ணே. முத்துச்சாமி ஐயா போன மாசமே சொல்லிட்டாரு. நீங்களா எப்பச் சொல்வீகன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்." எழுந்து முந்தானையை உதறினாள். "நாளைக்கி வண்டிய எடுக்குறேன். நீங்க மனு ஒண்ணும் எழுத வேணாம். வந்து சாப்புடுங்க, அது போதும்."

மறுநாள் காலையில் எனக்கு வயிற்று வலி வந்துவிட்டது. கண்ணம்மாளிடம் சொல்லிப் பாயைப் போட்டேன். அவளுக்கு நடந்தது எல்லாம் தெரியும். திண்டுக்கல்லில் ஒரு பெண்ணுக்குத் தெரிந்தது இன்னொரு பெண்ணுக்குத் தெரியாமல் இருக்காது. புளிச்சோறு கட்டாமல் வெறும் தூக்குவாளியைக் கொண்டுவந்து என் தலைமாட்டில் வைத்தாள்.

"ஆட்டுக்குட்டிக்கு முன்னால பேசுறப்ப வராத வயித்துவலி இப்ப என்னத்துக்கு வருது? போங்க. வாரப்ப எனக்கும் கொஞ்சம் குழம்பு வாங்கிட்டு வாங்க. மூணு வருசமா அப்படி என்னதான் ருசின்னு பாப்போம்."

போனேன். ஒரு மாதத்துக்குப் பிறகு வந்த வண்டியைச் சுற்றி ஷாப்புக்காரர்கள் மொய்த்திருந்தார்கள். எனக்கும் ஒரு தட்டு வந்தது. முதல் உருண்டையை வாயில் போட்டிருப்பேன், அந்த அலுவலகத்து அதிகாரி வந்துவிட்டார். பின்னால் முத்துச்சாமி பைலோடு நின்றார். வண்டியைத் தூக்க இரண்டு ஆட்களும் வந்திருந்தார்கள்.

"யாரக் கேட்டும்மா வண்டிய எடுத்தே?" என்றார் அதிகாரி.

செபாஸ்தியம்மாள் அகப்பையாலேயே என்னைக் காட்டினாள். "ரைட்டரு அண்ணன்தாங்க சொன்னாரு, கேக்க வேணாம்னு."

அறுபது தலை என் பக்கம் திரும்பியது. வாழ்நாள் முழுக்க நான் ஏங்கின கூட்டம் அது. ஒலிபெருக்கியே வேண்டாம், அவ்வளவு அமைதி. என் வாயில் களி. களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் வழியில்லை. கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்துச் சிலர் நான் உணர்ச்சிவசப்பட்டதாகப் பிறகு சொன்னார்கள். உண்மையில் அது கேப்பை.

ஒருவழியாக உள்ளே இறங்கியது. தட்டைக் கீழே வைத்தேன்.

"ஐயா, நீங்க ஒட்டுன நோட்டீஸ்ல செக்ஷன் நம்பர் எழுதலைங்க. எந்தச் சட்டம் தடுக்குதுன்னு நம்பரைப் போட்டுக் குடுங்க, இந்தம்மா இப்பவே வண்டிய எடுத்துரும். நம்பர் இல்லேன்னா வண்டியில கை வைக்க உங்களுக்கு அதிகாரம் இல்லைங்க."

அதோடு நிறுத்தியிருந்தால் என்னை ஒரு வீரன் என்று நானே நம்பியிருப்பேன். இருபது வருஷப் பழக்கம் விடுமா? கை தானாகக் குவிந்து, "என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று வாய் சேர்த்துச் சொல்லிவிட்டது. கூட்டத்தில் எவனோ சிரித்தான்.

அதிகாரி சிரிக்கவில்லை. செபாஸ்தியம்மாள் நாலாக மடித்து இடுப்பில் செருகியிருந்த நோட்டீஸை எடுத்து நீட்டினாள். வாங்கிப் பார்த்தார். முத்துச்சாமியைப் பார்த்தார். முத்துச்சாமி பைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஆமாங்க, காலியாகத்தான் இருக்கிறது என்று ஒரு கிளார்க்குக்கு எவ்வளவு குரல் அனுமதியோ அவ்வளவு குரலில் சொன்னார். நம்பரை நிரப்பி எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு அதிகாரி நோட்டீஸோடு போனார். வண்டி தூக்க வந்த இரண்டு பேரும் நின்று களி வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

நம்பர் இன்று வரை வரவில்லை. பைல் பரிசீலனையில் இருப்பதாகக் கேள்வி. அடுத்த வாரமே ஜெயமேரி பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போவதை நான் கண்ணாலே பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தை எழுதுவதற்கு என்னிடம் மனு பாஷை இல்லை.

எனக்கு வர வேண்டியது நாலாவது நாள் வந்தது. புளியமரத்தில் ஆணி அடித்து ஒரு நோட்டீஸ் தொங்கியது. அரசாங்க இடத்தை ஆக்கிரமித்து உட்கார்ந்திருக்கும் மேற்படி சுருளிவேல் உடனே காலி செய்ய வேண்டியது. ஓடிப்போய்ப் புள்ளிக்கோட்டைப் பார்த்தேன். செக்ஷன் நம்பர், உட்பிரிவு எல்லாம் முத்துமுத்தாக எழுதியிருந்தது. அதிகாரிகளுக்குச் சட்டம் கற்றுக்கொடுத்தால் முதல் பரீட்சையை வாத்தியார் மேலேயே எழுதிப் பார்ப்பார்கள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். சட்டம் தடுக்கிறது, காட்டிவிட்டார்கள், என் கொள்கைப்படி எழுந்திருக்க வேண்டியதுதான். பெட்டியையும் மைக்கூட்டையும் எடுத்துக்கொண்டு எழுந்தேன். இருபது வருஷம் உட்கார்ந்த இடத்தில் புல் முளைக்காமல் வழுவழுவென்று இருந்தது. அழுகை வந்தது.

எங்கே போவதென்று தெரியாமல், மத்தியானப் பசியில் கால் தானாக ஷாப்புச் சுவருக்குப் போயிற்று. செபாஸ்தியம்மாள் சட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். தலைக்கு மேலே புதுக் கீற்றுத் தட்டி. கட்டலாமா என்று அவள் இந்தத் தடவை என்னிடம் கேட்கவில்லை. தட்டிக்குக் கீழே ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு நிழல் மிச்சம் இருந்தது. ராவுத்தர் எதிரே நின்று என் பெட்டியைப் பார்த்தார், சரி என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

இப்போது 1968. ஏழு வருஷமாக அந்த நிழலில்தான் என் பிழைப்பு. தங்கத்துக்குக் கட்டுப்பாடு வந்தது, நகை ஆசாரிகள் வரிசையில் நின்றார்கள். அரிசி மாவட்டம் விட்டு மாவட்டம் போகக் கூடாது என்றார்கள், வியாபாரிகள் வந்தார்கள். அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே எழுதுகிறேன். நாடு கெட்டுப்போகிறது, நான் கொஞ்சம் சதை போட்டிருக்கிறேன்.

ஆனால் சுதந்திரத்தைப் பற்றி அந்த வண்டி பக்கத்தில் மட்டும் பேசுவதில்லை. பெட்டியோடு போய் நின்ற அந்த முதல் நாள் அதற்குக் காரணம். பெட்டியைக் கீழே வைக்காமலே அவளிடம் கேட்டேன்:

"தாயி, உனக்கு எடஞ்சல் இல்லேன்னா நான் இங்கன ஓரமா உக்காந்துக்கிறலாமா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். தட்டில் களியை உருட்டி வைத்து, குழி பண்ணி, குழம்பை ஊற்றி என் கையில் கொடுத்தாள்.

"இன்னுமாண்ணே கேட்டுக்கிட்டு நிக்கிறீக?" என்றாள். "உக்காருங்க."